மூடின கண்ணுக்கு ஒரு சீரியல் செட்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுக்கிக்கிடுங்க சார். இதை உள்ளே தள்ளிக்கிடுறேன், இடிச்சா உங்க முட்டிக்கும் வலி, எனக்கும் வலி. டிரம்தான். வாஷிங் மெஷினுக்குள்ளே சுத்துமே, அந்த எவர்சில்வர் டிரம். வேட்டியைப் போட்டு மூடி வச்சிருக்கிறது மழைக்காக இல்லை. திறந்து கிடந்தா ஆளாளுக்கு இது என்னது, எதுக்குன்னு கேட்பான். இப்ப நீங்க கேட்டீங்கல்ல, அது மாதிரி.

கண்டக்டர் பேசினதைக் கேட்டீங்களா? லக்கேஜ் போடணுமாம். "ஏப்பா, பின்னாடி ஒருத்தன் ஆட்டுக்குட்டியை மடியில வச்சிருக்கானே, அதுக்குப் போட்டியா"ன்னு கேட்டேன். "அது குட்டி, பெரியவரே"ங்கிறான். "இதுவும் மெஷினோட குட்டிதான்"ன்னேன். சிரிச்சுட்டான். சிரிச்சவன் தோத்தான் சார், வியாபாரத்தில் அதுதான் கணக்கு. கடைசியில் அரை டிக்கெட் போட்டான். போட்டதும் சொன்னேன், "டிக்கெட் போட்டுட்டே, இனி இது பயணி. ஜன்னலோரம் இதுக்கு." அதான் டிரம் அந்த ஓரம், நான் நடுவில், நீங்க இந்த ஓரம்.

கோவில்பட்டிப் பக்கம் பூலோகம் லைட்ஸ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பரவாயில்லை. திருவிழாவில் லைட்டைத்தான் அண்ணாந்து பார்ப்பாங்க, லைட்டுக்காரனை யார் பார்க்கிறா. நான்தான் பூலோகம். சங்கரன்கோவிலுக்குப் போயிக்கிட்டிருக்கேன். அங்கே ஒருத்தன் இருக்கான். சூசைன்னு பேரு. என்னை நடுத்தெருவில் விட்டுட்டு வந்தவன். அவனைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். கூட்டாம திரும்பினா இந்தப் பங்குனிப் பொங்கலோட பூலோகம் லைட்ஸ் முடிஞ்சுது.

சொல்றேன், கேளுங்க. நியாயம் எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. நான் எதையும் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன்.

சீரியல் போர்டு பார்த்திருப்பீங்கல்ல. கோவிலுக்கு முன்னாலே சவுக்குக் கம்பு நட்டு, பனை உசரத்துக்குப் படம் ஏத்தியிருக்கும். பல்பாலேயே அம்மன், பல்பாலேயே சூலம், பல்பாலேயே அருவி. கீழே ஒரு மோட்டார். அதில் ஒரு மர உருளை, உருளை மேலே செம்புத் தகடு. அது சுத்தச் சுத்த ஒரு வரிசை அணையும், அடுத்த வரிசை எரியும். கீழே நிக்கிறவனுக்கு அருவி ஓடுற மாதிரி தெரியும். ஒண்ணுமே ஓடலை சார். அணைஞ்சு அணைஞ்சு எரியுது, அவ்வளவுதான். ஊரை ஏமாத்துற தொழில்தான், ஆனா ஊரும் சந்தோஷமா ஏமாறும்.

இப்ப எல்லாம் சீன லைட்டு வந்துருச்சு, குட்டி டப்பாவில் அதுவாவே ஓடும்னு சொல்லுவீங்க. ஆமா, வந்துருச்சு. ஆனா எங்க பக்கத்து ஊர் காளியம்மன் கோவில் இருக்கு பாருங்க, அந்தக் கமிட்டிக்காரங்க அதை உள்ளே விட மாட்டாங்க. அவங்களுக்கு ஒரு வழக்கம். முகப்புப் போர்டு வருஷா வருஷம் புதுப்படமா இருக்கணும். இதுவரைக்கும் எந்த ஊர்லேயும் கட்டாத படம். முதலில் அட்டையில் வரைஞ்சு கொண்டுபோய்க் காட்டணும். கமிட்டி உட்கார்ந்து பார்க்கும். பிடிச்சுதுன்னா அங்கேயே வெத்திலை பாக்கு. வெத்திலை வாங்கிட்டா செட்டு நம்மது. அந்த ஒரு கோவில் கையில் இருந்தா, சுத்துப்பட்டி அத்தனை கோவிலும் தானா வரும். அதுதான் என் சோறு.

படம் போடுறவன் சூசை. நான் பேரம் பேசுறவன். அவன் பேசினா ரெண்டு வார்த்தையில் விட்டுக்கொடுத்துட்டு வந்துருவான். நான் கோடு போட்டா கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு ஆள். அவன் வேதக்காரன், ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்து, காளியாத்தாளுக்குக் கண்ணு வைப்பான். அவன் வைக்கிற கண்ணைப் பார்த்துக் கும்பிடாதவன் கிடையாது.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு வருஷம் கை நின்னுபோச்சு.

சும்மா நின்னுபோச்சு சார். அட்டையை விரிச்சு வச்சுட்டு சாக்பீஸைக் கையில் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். "என்னடா?"ன்னா, "மயில் போட்டாச்சு, அருவி போட்டாச்சு, சேவச்சண்டை போட்டாச்சு, ஏழுதலை நாகம் போட்டாச்சு. உள்ள ஒண்ணுமில்ல அண்ணாச்சி"ம்பான். எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தா என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. "திங்கிற சோறு மட்டும் உள்ள போகுதுல்ல, படம் மட்டும் ஏண்டா வெளிய வர மாட்டேங்குது"ன்னேன். உரிமையில் சொல்றதுதான். சூசை எதுக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டான். அப்படிப்பட்டவங்களைத்தான் சார் நம்பக்கூடாது. எனக்கு அது பின்னாடிதான் தெரிஞ்சுது.

இந்த டிரம் வந்தது அப்பதான். பழைய இரும்புக் கடையில் கிடந்தது. மோட்டாரோட சேர்த்துக் கேட்டேன். கடைக்காரன் டிரம்முக்கு ஒரு விலை, மோட்டாருக்கு ஒரு விலை சொன்னான். "மாப்பிள்ளைக்கு ஒரு விலை, தாலிக்கு ஒரு விலையா"ன்னு சண்டை போட்டு ஒண்ணா வாங்கினேன். எதுக்குன்னா, அம்மன் தலைக்குப் பின்னாலே பிரபை சுத்துற மாதிரி ஒரு யோசனை. டிரம்முக்குள்ளே பெரிய பல்பு, சுத்தி வெட்டி விட்ட ஓட்டை, டிரம் சுத்தினா வெளிச்சம் சிதறிச் சிதறி வரணும். யோசனை என்னோடது. ஓட்டை வெட்டினது சூசை. ரெகுலேட்டர் வச்சு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி பண்ணினதும் அவன்தான். ஆனா யோசனை என்னோடது.

பிரபை சரியா வரலை. ஒரு மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்க்கிறேன், டிரம் சுத்திக்கிட்டிருக்கு, அதுக்கு முன்னாலே முகத்தை வச்சுக்கிட்டு சூசை உட்கார்ந்திருக்கான். கண்ணு மூடியிருக்கு. முகத்தில் வெளிச்சம் படபட படபடன்னு அடிக்குது. தூங்குறான்னு நினைச்சு ஒரு அதட்டுப் போட்டேன். எந்திரிச்சான். என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தான். குனிஞ்சு தரையிலேயே சாக்பீஸால் போட ஆரம்பிச்சான்.

என்னத்தைச் சொல்ல. நடுவில் ஒரு புள்ளி. புள்ளியைச் சுத்திச் சக்கரம், சக்கரத்துக்குள்ளே மீன், மீனோட செதில் ஒவ்வொண்ணும் ஒரு கண்ணு. கிட்ட நின்னா கண்ணு கண்ணாத் தெரியுது. நான் பின்னாலே நகர்ந்து வாசப்படியில் நின்னு பார்த்தா, அத்தனையும் சேர்ந்து ஆத்தா முகம்.

"எங்கடா பார்த்தே இதை?"

"கண்ணுக்குள்ள அண்ணாச்சி. மூடுனா வருது. வண்ண வண்ணமா, ஒண்ணு விரிஞ்சு ஒண்ணா மாறிக்கிட்டே இருக்கு. திறந்தா ஓடிப்போயிருது. உள்ள அப்படியே அமைதியா இருக்கு. அந்த அமைதியில படம் தன்னால போட்டுக்கிடுது."

கமிட்டி அந்தப் படத்தைப் பார்த்தது. பேரம் பேச நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லாமப் போச்சு. தலைவர் வெத்திலைத் தட்டை எடுத்தார். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "படம் போட்டவர் கையில குடுப்போம்"னு சொல்லி, என்னைத் தாண்டி சூசைகிட்ட நீட்டிட்டார்.

அவன் வாங்கியிருக்கக் கூடாது சார். "அண்ணாச்சிகிட்டக் குடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஒரு நொடி என்னைப் பார்த்தான், வாங்கிட்டான். வெளியே வந்து அந்த வெத்திலையை என் கையில் வச்சான். வச்சா? சபையில் வாங்கினது சபையில் வாங்கினதுதானே.

சரி, அதை விடுங்க. நான் பெருந்தன்மையா விட்டுட்டேன்.

அதுக்குப் பிறகு சேதி பரவிருச்சு. பூலோகம் பட்டறையில் ஒரு டிரம் இருக்கு, முன்னாலே உட்கார்ந்தா மனசு அடங்குதுன்னு. யோகா மாஸ்டர் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். "வருஷக்கணக்கா மூச்சைப் பிடிச்சு உட்கார்ந்தும் வராதது, இங்க வந்து உட்கார்ந்ததும் வருது"ன்னு கண்ணைத் துடைச்சார். ஒரு நாதஸ்வரக்காரர் வந்தார், கண்ணை மூடிக்கிட்டே தொடையில் தாளம் போட்டார், எந்திரிச்சதும் ஒருத்தர்கிட்டேயும் பேசாமல் வீட்டுக்கு ஓடினார், வந்த ராகம் வழியில் மறந்துருமாம். மார்கழிக் கோலத்துக்குப் பொம்பளைங்க வந்தாங்க. நான் விடுவேனா? 'ஒளித் தியானம்'னு வாசலில் போர்டு எழுதி வச்சேன். சூசைதான் எழுதினான். எழுதும்போதே, "எல்லாருக்கும் வேண்டாம் அண்ணாச்சி. கண்ணுக்கு என்ன பண்ணும்னு நமக்குத் தெரியாது"ன்னு இழுத்தான். "நீ பார்க்கலாம், ஊரு பார்க்கக் கூடாதா"ன்னு கேட்டேன். ரெகுலேட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். இந்தக் கோட்டைத் தாண்டி யாரும் திருப்பக் கூடாதுன்னான். அவன் போட்டான் சார் அந்தக் கோட்டை. என் ரெகுலேட்டரில்.

என் வீட்டுக்காரி செண்பகமும் உட்கார்ந்தா. எந்திரிச்சப்போ கன்னமெல்லாம் தண்ணி.

"என்னத்தைப் பார்த்து அழுத?"ன்னேன்.

"பூப்பூவா என்னமோ வந்துச்சு. அதுக்கில்ல. இவ்வளவு நேரம் ஒண்ணையுமே யோசிக்காம இருந்தேன். அதான்."

"யோசிக்காம இருந்ததுக்கா அழுகை? நான் ஒருநாள் யோசிக்காம இருந்திருந்தா இந்தக் கடை உண்டா?"

"இல்லதான்"ன்னு சொல்லிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்னுக்கிட்டா.

இதில் ஒரு விஷயம் சார். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு ஒண்ணும் தெரியலை.

ஊரே பார்க்குது. பால்காரன் பார்க்கிறான், வாத்தியார் பார்க்கிறார், ஏழாங்கிளாஸ் தாண்டாதவன் பார்க்கிறான். நான் உட்கார்ந்தா சிவப்பு. வெறும் சிவப்பு. ரத்தக்கலரில் ஒரு திரை, அது அடிச்சுக்குது, அவ்வளவுதான். "கண்ணைத் திறந்து திறந்து பார்க்கிறீக அண்ணாச்சி, அதான்"னான் சூசை. பார்க்காம? சின்ன வயசில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடந்தவன் நான். தலைக்கு அடியில் செருப்பை வச்சுப் படுத்தேன், விடிஞ்சு பார்த்தா தலை இருக்கு, செருப்பு இல்லை. நான் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்தா யாரு எதை எடுத்துட்டுப் போறான்னு யாரு பார்க்கிறது? யாராவது ஒருத்தன் முழிச்சிருக்கணும்ல.

அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. கோடு.

நீங்க ஜவுளிக்கடைக்குப் போவீங்கல்ல. முதலில் எடுத்து விரிக்கிறானே, அது நல்ல துணியா? கிடையாது. நல்லதை உள்ளே வச்சிருப்பான். எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனாத்தான், "இருங்க, உள்ள ஒண்ணு இருக்கு"ம்பான். என் வாழ்க்கையில் முதலில் காட்டினதை நான் வாங்கினதே கிடையாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஊருக்கு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இவன் எதையோ தனியா வச்சிருக்கான். எனக்குத் தெரியாம இருக்கணும்னுதான் கோடே போட்டிருக்கான். எப்படி? சரிதானே நான் யோசிச்சது?

அடுத்த வருஷப் படத்துக்காக அவன் உட்கார்ந்தான். கமிட்டிக்கு ஐப்பசியில் படம் காட்டணும், நேரம் நெருங்கிருச்சு, அவன் பாட்டுக்கு ஆற அமர உட்கார்ந்திருக்கான். நான் ரெகுலேட்டர் பக்கம் நின்னேன். லேசாத் திருப்பினேன். வேகம் கூடினா வேலை சீக்கிரம் முடியும், இது யாருக்கும் தெரிஞ்சதுதானே. கிரைண்டர்னாலும் அப்படித்தான், தறினாலும் அப்படித்தான். "போதும் அண்ணாச்சி, கண்ணு கூசுது"ன்னான். கண்ணை மூடியிருக்கிறவனுக்கு எப்படி சார் கூசும்? அவன் ஒளிச்சு வச்ச இடத்துக்குக் கிட்ட வந்துட்டேன்னு நினைச்சேன். "சும்மா இரு, எந்திரிக்காதே, என்ன தெரியுதுன்னு சொல்லு"ன்னு இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

அவன் பக்கவாட்டில் சாய்ஞ்சான். சாய்ஞ்சவன் டிரம்மையும் இழுத்துக்கிட்டு விழுந்தான். இதோ, வேட்டிக்கு மேலேயே தடவிப் பாருங்க. பள்ளம் தெரியுதா? அன்னைக்கு நசுங்கினது. எவ்வளவு தட்டியும் நேராகலை.

கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. வாயில் நுரை. செண்பகம் ஓடி வந்து மெயின் சுவிட்சை அணைச்சா, அப்புறம் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் வச்சா. என் சாவிக்கொத்து. வச்சுட்டு என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை. நான் என்னமோ கத்தியை எடுத்துக் குத்தின மாதிரி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசினதுதான் பெரிய கூத்து. மின்னி மின்னி எரியிற வெளிச்சம் சில பேருக்கு ஆகாதாம், அது மூளையில் போய் வலிப்பைக் கிளப்பி விடுமாம். இனிமே அந்த மாதிரி வெளிச்சம் இருக்கிற பக்கமே போகக் கூடாதாம். "டாக்டரே, அவன் சீரியல் லைட்டுக்காரன்"னேன். "அப்ப வேற வேலை பார்க்கச் சொல்லுங்க"ன்னுட்டார். மீன்காரனைத் தண்ணிப் பக்கம் போகாதேன்னா என்ன அர்த்தம்? அந்த மனுஷனுக்கு எத்தனை வருஷப் படிப்பு, எவ்வளவு சுலபமா ஒரு தொழிலை மூடிட்டார் பாருங்க.

நான் சூசையைக் கைவிடலை. அதை எழுதி வச்சுக்கோங்க. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் கொண்டுபோனேன். "நீ போர்டு பக்கமே வர வேண்டாம். ஏத்துறது, மாட்டுறது எல்லாம் வேற ஆள் பார்த்துக்கிடுவான். நீ டிரம் முன்னாடி உட்கார்ந்து படத்தை மட்டும் போட்டுக் குடு, கோட்டுக்கு இந்தப் பக்கமே வச்சுக்குவோம்"னு எவ்வளவு இறங்கி வந்தேன். என் வாழ்க்கையில் யாருக்கும் அவ்வளவு இறங்கினது கிடையாது. அவன் ஆரஞ்சுப்பழத்தை உரிச்சு, பாதியை என் கையில் கொடுத்தான். "சரிண்ணாச்சி"ன்னும் சொல்லலை, "மாட்டேன்"னும் சொல்லலை. வீட்டுக்குப் போனதும் நாலு துணியை எடுத்துக்கிட்டு சங்கரன்கோவிலில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. பட்டறைச் சாவியைக்கூட செண்பகம் கையில் கொடுத்துட்டுப் போயிருக்கான்.

துரோகம்னா இதுக்கு மேலே என்ன வேணும்?

இருக்கு சார், இதுக்கு மேலேயும் இருக்கு. தைப் பொங்கலுக்குச் செண்பகம் ஒரு புதுச்சேலை கட்டினா. சங்கரன்கோவில் தறிச்சேலை. பந்தியில் பரிமாறிக்கிட்டு நிக்கிறா, நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், முந்தானை இலைக்கு மேலே வந்துச்சு. சக்கரம். சக்கரத்துக்குள்ளே மீன். செதிலுக்குச் செதில் கண்ணு. தறிக்காரங்களுக்கு பார்டரும் முந்தானையும் வரைஞ்சு கொடுத்துக்கிட்டு இருக்கான் படுபாவி. என் டிரம்மில் பார்த்தது. என் பல்பு, என் கரண்டு. அது என் வீட்டுக்குள்ளேயே, என் பொண்டாட்டி தோளிலேயே தொங்குது.

"இதை எங்க வாங்கினே?"

"வாங்கல. அண்ணன் குடுத்துவிட்டாக."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தனை அண்ணன் இருக்காக?"ன்னு ரசத்தை ஊத்திட்டுப் போயிட்டா. சூசையைத்தான் அவ அப்படிக் கூப்பிடுவா.

ஐப்பசி தாண்டி மாசியும் வந்துருச்சு, காட்டப் படமில்லை. இப்ப கமிட்டி என்ன சொல்லுது? "சூசை வந்து வெத்திலை வாங்கினா செட்டு உங்களுக்கு. இல்லைன்னா நாங்க வேற இடம் பார்க்கிறோம்." வெள்ளிக்கிழமை கெடு. பூலோகம்னு பேரு வச்சு இத்தனை வருஷம் நான் ஓடினது ஓட்டமில்லையா? பேரம் யாரு பேசினா? கம்பு யாரு சுமந்தா?

சூசை இல்லாட்டி நான் இல்லையான்னு நானே உட்கார்ந்து பார்த்தேன். செண்பகத்தைக் கடைவீதிக்கு அனுப்பிட்டு, பட்டறைக் கதவைச் சாத்திக்கிட்டு, டிரம்மை ஓட விட்டு, முகத்தை வச்சு, கண்ணை இறுக்கி மூடினேன். இந்தத் தடவை திறக்கலை. ஒரு படம், ஒரே ஒரு படம் வந்தாப் போதும், கோழி கிறுக்கினாலும் பரவாயில்லை, கொண்டுபோய்க் காட்டிருவேன்னு உட்கார்ந்தேன்.

சிவப்பு வந்துச்சு. அது போச்சு. அப்புறம் வந்துச்சு சார்.

காலு. ரெண்டு உள்ளங்காலு, வெள்ளை வெளேர்னு, சாக்பீஸ் பொடி ஒட்டினபடி. தரையை உரசி உரசி இழுக்குது. அவன் போட்ட கோட்டையெல்லாம் அந்தக் காலே அழிக்குது. கண்ணைத் திறந்தா டிரம் மட்டும்தான் இருக்கு. மூடினா கால். மறுநாள் உட்கார்ந்தேன், அதே கால். வேகத்தைக் குறைச்சுப் பார்த்தேன், அப்பவும் கால்தான். ஊருக்கெல்லாம் பூவும் மீனும் காட்டின மெஷின் சார். சொந்தக்காரனுக்கு இதைக் காட்டுது. போகும்போது அவன்தான் உள்ளே எதையோ வச்சுட்டுப் போயிருக்கான். வேற எப்படி?

அதனால்தான் தூக்கிட்டு வந்தேன். நேரா அவன் முன்னாலே கொண்டுபோய் வைக்கப் போறேன். நீயே வச்சதை நீயே எடு. எடுத்துட்டு, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உட்காரு. மோட்டாரும் பல்பும் டிரம்முக்குள்ளேயே இருக்கு, மெதுவா ஓட விடுறேன். ஒரு படம் போட்டுக் குடு, வெள்ளிக்கிழமை என்கூட வந்து வெத்திலையை வாங்கு, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. இதில் ஏதாவது அநியாயம் இருக்கா?

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க? டாக்டர் சொல்றது எல்லாம் நடந்துருதா? அவன் ஒரு தடவை விழுந்தான், நான் இல்லைன்னு சொல்லலையே. பக்கத்தில் நான் இருப்பேன்ல. சாவிக்கொத்தும் கையோட கொண்டுவந்திருக்கேன்.

இருங்க, போன் அடிக்குது. பார்த்தீங்களா, அவன்தான். இத்தனை மாசமா நான் அடிச்சா எடுக்காதவன். இப்ப எப்படித் தெரியும், நான் பஸ்ஸில் வர்றேன்னு? செண்பகம்தான் சொல்லியிருப்பா. நான் தெருமுனை தாண்டியிருக்க மாட்டேன், அதுக்குள்ளே சொல்லியிருப்பா. வீட்டிலேயே ஒற்றனை வச்சுக்கிட்டு நான் வெளியே எதிரியைத் தேடுறேன். ஸ்பீக்கரில் போடுறேன், நீங்களும் கேளுங்க. சாட்சி வேணும்ல.

"சொல்லுடா."

"அண்ணாச்சி, எங்க வந்துக்கிட்டிருக்கீக?"

"கழுகுமலை தாண்டியாச்சு. ஏன், ஓடப் போறியா?"

"இல்ல. தங்கச்சி மீன் வாங்கியிருக்கா. சாப்பிடாம வாங்க."

"நான் சாப்பிட வரலைடா."

"தெரியும். மதினி சொன்னாக. அதைக் கொண்டுவர்றீகளாமே."

"ஆமா. என் பொருள், கொண்டுவர்றேன்."

"அது வேண்டாம் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுல யாருகிட்டயாவது குடுத்து வச்சுட்டு, வீட்டுக்கு வாங்க. இருந்துட்டு நாளைக்குப் போகலாம். பேசி எவ்வளவு நாளாச்சு."

"படம்?"

"கண்ணைத் திறந்துக்கிட்டே வரைஞ்சு பழகிக்கிட்டிருக்கேன். உங்களுக்கும் ஒண்ணு வரைஞ்சு தர்றேன். அவுக எதிர்பார்க்கிற மாதிரி இருக்குமான்னு தெரியாது. அதை மட்டும் கொண்டுவராதீக."

"டேய், இது இல்லாம நான் வெறுங்கையோட எதுக்குடா உன் வீட்டுக்கு வரணும்?"

"அதான் அண்ணாச்சி."

வச்சுட்டான். கேட்டீங்களா சார்? 'அதான்'னு சொல்றான். அதான்னா என்ன? நான் ஒரு நியாயமான கேள்வி கேட்டேன். எதுக்கு வரணும்னு கேட்டேன். அதுக்கு ஒரு பதில் சொல்லணுமா வேண்டாமா? படிச்சவரா இருக்கீங்க, நீங்க சொல்லுங்க, 'அதான்'னா என்ன அர்த்தம்?

ரோட்டைப் பார்க்கிறீங்க. சரி.

மீன் வாங்கியிருக்காளாம். மீன் திங்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? கண்ணைத் திறந்துக்கிட்டே வரைவானாம். அது எனக்கு எதுக்கு? கண்ணைத் திறந்துக்கிட்டு வரையத்தான் ஊர்பட்ட பேரு இருக்கானே. நான் அவனுக்கு என்ன குறை வச்சேன்? கோபத்தில் பேசியிருக்கேன், கை நீட்டினது கிடையாது. சபையில் என் கைக்கு வர வேண்டிய வெத்திலையை அவன் கைக்கு விட்டுக்கொடுத்தேன். ஆரஞ்சுப்பழம் கொண்டுபோனேன். அத்தனையும் மறந்துட்டு, அந்த டிரம்மை வச்சுட்டு வாங்கங்கிறான். டிரம்மை வச்சுட்டா என்கிட்ட என்ன இருக்கு?

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. ஏப்பா டிரைவர், இரு, இருப்பா, பொருள் இறங்கணும். டிக்கெட் எடுத்த பொருள்.

சார், ஒரு கை கொடுங்க. நீங்க அந்தப் பக்கம் பிடிச்சீங்கன்னா நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்குவேன், படியில் மட்டும் இறக்கி விட்டுட்டாப் போதும். அப்புறம் ஆட்டோ வச்சுக்குவேன். பிடிங்க சார். ஏன் கையை மடியில் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? பெருசா பாரமில்லை, நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. முட்டியை மட்டும் ஒதுக்கினா எப்படி?

ஓஹோ.

இவ்வளவு தூரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கதை கேட்டுட்டு, கடைசியில் நீங்களும் அந்தப் பக்கம்தான் இல்லையா.

சரி, ஒதுங்குங்க. நானே தூக்கிக்கிடுறேன். ஆரம்பத்தில் இருந்து எல்லாத்தையும் நான் ஒருத்தன்தானே தூக்குறேன்.